கீழாநெல்லி கேப்ஸ்யூல் சாப்பிட்டால் ஹெபடைட்டிஸ் பி ‘நெகட்டிவ்’ ஆகுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. ஏ.சி. மெக்கானிக். குவைத்தில் வேலை கிடைத்துப் புறப்படும் நேரத்தில், மெடிக்கலில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்து ‘அன்ஃபிட்’ போட்டுவிட்டார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. திருச்சியில் காட்டினோம். எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் 28தான், கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைரஸ் இருக்கிறது, ஆனால் மருந்து வேண்டாம் என்றால் எப்படி? பக்கத்து ஊரில் ஒருவர் கீழாநெல்லி கேப்ஸ்யூல் தருகிறார். 90 நாளில் நெகட்டிவ், 36,000 ரூபாய், கியாரண்டி என்கிறார். லண்டன் மருத்துவப் பத்திரிகையில் 59 சதவீதம் பேருக்குக் குணமானதாக வந்த செய்தியை நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறார். இதைக் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்றும் சொல்கிறார். எங்கள் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்துத்தான் சரியானது, அதனால் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. பணம் கட்டலாமா? வயலில் கிடைக்கும் கீழாநெல்லியையே கொடுத்தால் போதுமா? தம்பி மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டில் தம்பியின் நடத்தையைப் பற்றி வேறு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்டாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்தக் கடிதத்திலேயே அவசரமான விஷயம். முதலில் அதைப் பார்ப்போம்.

தம்பி மனைவிக்கு, ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? கர்ப்பப் பரிசோதனைகளோடு வழக்கமாக இதையும் எடுப்பார்கள். அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அதில் இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் என்றால், தடுப்பூசி போடலாமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்ப காலத்திலும் போடக்கூடிய ஊசிதான் இது. பாசிட்டிவ் என்றாலும் பயப்படாதீர்கள், ஆனால் மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கடைசி மூன்று மாதம் தாய்க்கு மாத்திரை கொடுப்பார்கள். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள். தாய் நெகட்டிவாக இருந்தாலும் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும். பிரசவ அறையில் நிற்பவர் ஞாபகமாகக் கேட்டு வாங்குங்கள். 36,000 ரூபாய் கேட்டவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

அடுத்து, நடத்தை பற்றிய பேச்சு. இந்த வைரஸ் எந்த வயதில் உடம்புக்குள் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது தங்குமா போய்விடுமா என்பது முடிவாகிறது. பிறக்கும்போது தொற்றினால் 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவருக்குத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்குமேல் சில மாதங்களில் தானாகவே போய்விடும். உங்கள் தம்பிபோல எந்தத் தொந்தரவும் இல்லாமல், தற்செயலாகப் பரிசோதனையில் தெரியவரும் ஆட்களில் பெரும்பாலோர் பிறந்தபோதோ சின்ன வயதிலோ தொற்று வாங்கியவர்கள்தாம். இதைச் சம்பந்தி வீட்டாருக்கு மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் தம்பிக்காகப் பரிந்து பேசுவதாக நினைப்பார்கள்.

மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்னதில் உங்களுக்குக் கோபம் இருப்பது தெரிகிறது. நானும் மருந்தாக்கத் துறையில் இருப்பவள்தான். மருந்து எழுதாத டாக்டரைவிட எழுதும் டாக்டரைத்தான் நம் ஊரில் கெட்டிக்காரர் என்பார்கள். ஆனால் இங்கே அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அவை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். வைரஸை வேரோடு பிடுங்காது. இந்த வைரஸ் தன் மரபணுவைச் சின்ன வளையமாக்கிக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. மாத்திரை அங்கே எட்டுவதில்லை. அதனால் ஆரம்பித்தால் பல வருடம், பலருக்கு ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும். கல்லீரலில் வீக்கம் இல்லை, வைரஸ் அளவும் குறைவு என்றால் காத்திருந்து கவனிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஒன்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வைரஸ் அளவு தெரிய எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை எடுத்திருக்கிறார்களா? நீங்கள் அனுப்பிய விவரத்தில் எஸ்.ஜி.பி.டி. மட்டும்தான் இருக்கிறது. அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது நோட்டீஸுக்கு வருவோம். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தம்தான் வந்தது. ஏனென்றால் அதில் இருப்பது பொய் இல்லை. பாதிக் கதை.

நடந்தது சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறுகளைச் சோதனைக்குழாயில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தோடு சேர்த்துப் பார்த்து, 1982இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாறு அந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதுபோலத் தெரிந்தது. அந்தப் புரதத்தின் பெயர்தான் எச்.பி.எஸ்.ஏ.ஜி.; உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தது அதுவேதான். அப்புறம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் உள்ளே வந்தது. அங்கே இருந்தவர் பரூக் பிளம்பெர்க். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கியவர். ஜூலை 28ஐ உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கொண்டாடுகிறோமே, அது அவருடைய பிறந்த நாள். அவருடைய குழு இந்தச் செடியின் சாற்றை, இதேபோன்ற வைரஸ் தொற்றும் வுட்சக் என்ற அமெரிக்க மலை அணில் வகைப் பிராணிக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் தெரிந்ததாக 1987இல் எழுதியது.

1988இல் இரண்டு குழுவும் சேர்ந்து லான்செட் பத்திரிகையில் வெளியிட்டதுதான் உங்கள் நோட்டீஸில் உள்ள ஆய்வு. வைரஸ் தங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடியைக் கேப்ஸ்யூலில் கொடுத்தார்கள், வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. மருந்தில்லாத போலி கேப்ஸ்யூலை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்த்தபோது, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தது. போலி கேப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு இந்த வைரஸ் தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவர் என்ற கணக்கில்தான். அந்தக் காலத்தில் இதைப் படித்த ஒவ்வொரு மருந்தியல் மாணவருக்கும் உடம்பு சிலிர்த்திருக்கும். எனக்கும் சிலிர்த்தது. பாட்டி சொன்னது லான்செட்டில் வந்துவிட்டதே என்று.

நோட்டீஸ் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. கதை முடியவில்லை. எழுதியவர்களே அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டிருந்தார்கள். முதற்கட்டம் என்றால், மற்றவர்களும் செய்து பார்த்து இதே முடிவு வருகிறதா என்று தெரிய வேண்டும் என்று அர்த்தம். மற்றவர்கள் செய்தார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், மறையவில்லை என்று 1990இல் அதே லான்செட்டில் எழுதினார்கள். நெதர்லாந்தில் 1991இல், உறுதிப்படவில்லை என்றார்கள். நியூசிலாந்தில் 1994இல், பலன் இல்லை என்றார்கள். கீழாநெல்லி இனச் செடிகளை வைத்து அதுவரை நடந்த 16 ஆய்வுகளைக் காக்ரேன் என்ற அமைப்பு 2011இல் ஒன்றாக வைத்து அலசியது. போலி மருந்தோடு ஒப்பிட்டால் இது மேல் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. ஆக, நோட்டீஸ்காரர் 1988இல் நின்றுவிட்டார். இடைப்பட்ட வருடங்களில் வந்த எதுவும் அவர் கண்ணில் படவில்லை, அல்லது படாததுபோல இருக்கிறார்.

கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்கிற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் பெயர் போட்டவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்றவர். வெளியிட்ட பத்திரிகை மருத்துவ உலகமே படிப்பது. ஃபாக்ஸ் சேஸ் மையம் அமெரிக்கக் காப்புரிமைகூட வாங்கி வைத்திருந்தது. இதைவிட நல்ல தொடக்கம் எந்த மூலிகைக்கும் கிடைக்காது. செடியிலிருந்து காசு வரும் என்றால் கம்பெனிகள் ஓடி வரும். நம் ஊர் நித்தியகல்யாணியையே பாருங்கள், சுடுகாட்டு ஓரத்தில் பூக்குமே, அதுதான். சர்க்கரைக்கு நல்லது என்று ஜமைக்காவில் அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைக் கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். எலிக்குச் சர்க்கரை குறையவில்லை. வெள்ளணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. அந்தத் தோல்வியை விடாமல் துரத்தியதில் 1958இல் வின்பிளாஸ்டின் பிறந்தது. அதே செடியிலிருந்து பின்னால் வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போகிறது. எலி லில்லி கம்பெனி இதில் நன்றாகவே சம்பாதித்தது. இதற்காகத் தென் மாவட்டங்களில் இந்தச் செடியைப் பயிராகவே போட்டவர்கள் இருக்கிறார்கள். (சர்க்கரைக்கு என்று நித்தியகல்யாணிப் பூவை வெந்நீரில் போட்டுக் குடிப்பவர்கள் இங்கேயும் உண்டு. வேண்டாம். எலிக்கே நடக்காதது உங்களுக்கு நடக்காது. வெள்ளணு குறைவது மட்டும் நடக்கலாம்.)

சரி, அப்பாவுக்கு எப்படிக் குணமானது?

மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயர் இல்லை. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும் அறிகுறியின் பெயர். அதற்குப் பல காரணங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்கள். இவை உடம்பில் தங்குவதில்லை. சில வாரம் படுத்தி எடுத்துவிட்டு, அநேகமாக எல்லோருக்கும் தானாகவே போய்விடும். எண்ணெய் இல்லாத சாப்பாடு, ஓய்வு, மோர், இளநீர் என்று பத்தியம் இருந்துகொண்டு கீழாநெல்லி குடித்தால் மூன்று வாரத்தில் கண் வெளுக்கும். குடிக்காவிட்டாலும் மூன்று வாரத்தில் வெளுத்திருக்கும். இப்படிச் சொன்னால் என் பெரியம்மாவே என்னிடம் சண்டைக்கு வருவார். கேரளத்தில் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். திடீர் காமாலை வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லியும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்ததில், காமாலை இருக்கும் நாட்கள் குறையவில்லை. அப்பாவுக்கு வந்தது தானாகப் போகிற விருந்தாளி. தம்பிக்கு வந்தது வீட்டைப் பட்டா போட்டுக்கொண்ட ஆள். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் எடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் இப்போது ஒரு கர்ப்பிணி இருக்கிறாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். அவளுக்குக் கண் மஞ்சளானால் அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இனி அந்தக் கேப்ஸ்யூலைத் திறந்து பார்ப்போம். என் தொழில் அதுதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை ஆய்வுக்காக நாட்டு மருந்துக் கடையில் ஐந்து கிலோ கீழாநெல்லிச் சமூலம் வாங்கினோம். சமூலம் என்றால் வேரோடு முழுச் செடி. வெள்ளைத் துணியை விரித்து மூட்டையைக் கொட்டி, நானும் நான்கு மாணவிகளும் சுற்றி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்க ஆரம்பித்தோம். முதலில் வந்தது மண். வேரோடு பிடுங்கியதை உதறாமல் கட்டியிருந்தார்கள். அப்புறம் அருகம்புல் துண்டுகள், ஒரு பீடித் துண்டு, சாக்கு நூல். அதெல்லாம் பரவாயில்லை, பார்த்தால் தெரிந்துவிடும். கஷ்டம் எங்கே என்றால், கீழாநெல்லியின் பங்காளிகளில். பச்சையாக இருக்கும்போது கீழாநெல்லியை அடையாளம் காண்பது சுலபம்: புளிய இலைபோல இரண்டு பக்கமும் சின்ன இலைகள், அவற்றின் கீழே வரிசையாகத் தொங்கும் மிளகைவிடச் சிறிய காய்கள். ஆனால் தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பே இல்லாததுபோல ஒட்டியிருக்கும் இன்னொரு வகை இருக்கிறது. மேலாநெல்லி இருக்கிறது. வயலில் தள்ளி நின்று பார்த்தால் கீழாநெல்லியேதான் என்று சத்தியம் செய்யலாம்போல இன்னும் இரண்டு மூன்று வகை இருக்கின்றன. காய்ந்து இலை உதிர்ந்து மூட்டைக்குள் நொறுங்கியபின் எல்லாம் ஒன்றுதான். கடைசியில் விதையை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தோம். கீழாநெல்லி விதையின் முதுகில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். சிவப்புத் தண்டு வகைக்குக் குறுக்குவாட்டில் வரிகள் இருக்கும். எங்கள் மூட்டையில் இரண்டும் இருந்தன. கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்தவர் வரப்பில் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கியிருப்பார்.

எங்கள் மூட்டை மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி வாங்கி ஆராய்ந்த ஒரு குழு 2010இல் எழுதியது: நான்கில் மூன்று கடைச் சரக்கு கிட்டத்தட்ட முழுக்க உண்மையான கீழாநெல்லிதான். மற்றவற்றில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. நான் பயந்த அளவுக்கு மோசம் இல்லை. ஆனாலும் நான்கில் ஒரு பங்கு என்பது மருந்துக்குப் பெரிய பங்கு. பெயர்க் குழப்பம் விஞ்ஞானிகளையே விடவில்லை. இந்தியக் கீழாநெல்லியை ரொம்ப காலம் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தார்கள், நான் சொன்ன 1982, 1987 ஆய்வுகளிலும் அப்படித்தான். நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்முடையது ஃபில்லாந்தஸ் அமாரஸ். உங்கள் கேப்ஸ்யூல் டப்பாவில் நிரூரி என்று போட்டிருக்கிறதா, அமாரஸ் என்றா, இல்லை வெறும் ‘கீழாநெல்லி’ என்றா? பாருங்கள்.

சரியான செடி என்றே வைத்துக்கொள்வோம். எந்த மாதம் பிடுங்கியது, நிழலில் காய்ந்ததா வெயிலில் காய்ந்ததா, பொடியா சாரமா? பொடி என்றால் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம் செடி. சாரம் என்றால் பத்து கிலோ செடியைச் சுண்டவைத்து ஒரு கிலோ ஆக்கியிருக்கலாம். தண்ணீரில் சுண்ட வைத்ததா, ஆல்கஹாலிலா என்பதைப் பொறுத்து உள்ளே வந்து சேரும் பொருளே மாறும். ஃபில்லாந்தின் என்று இந்தச் செடியில் ஒரு பொருள் உண்டு. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கண்ணாடித் தட்டில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையில் அந்தப் பொருள் தெரிந்தால், சரக்கு கீழாநெல்லிதான் என்று நாங்கள் ஒத்துக்கொள்வோம். ரேஷன் கார்டு மாதிரி, ஆள் யார் என்று சொல்லும். வைரஸை விரட்டுவது அந்தப் பொருள்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ‘ஃபில்லாந்தின் இத்தனை சதவீதம்’ என்று டப்பாவில் எழுதியிருந்தால், அதையே வீரியம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

லான்செட் ஆய்வில் கொடுத்தது நாளைக்கு 600 மில்லிகிராம், 30 நாள். மொத்தம் 18 கிராம் பொடி. ஒரு கைப்பிடிகூட வராது. அதே அளவில் 90 நாள் கொடுத்தாலும் 54 கிராம்தான். அதற்கு 36,000 ரூபாய்!

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கீழாநெல்லி இல்லை, அதோடு கலந்திருக்கக்கூடிய மற்றவை. இப்படிக் கியாரண்டி கொடுக்கும் டப்பாக்களில் உள்ளே என்னென்ன என்று முழுதாக எழுதியிருப்பதில்லை. பதிவு பெற்ற மூலிகை மருந்தென்றால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். காரீயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் உண்டு. மூலிகை என்றாலே கல்லீரலுக்கு நல்லது என்று சொல்லவும் முடியாது. கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நின்றாலும் சரி, வைரஸ் குடியிருக்கும் கல்லீரலில் பரிசோதனை செய்து பார்க்க வேண்டாம் என்பதில் இரண்டு பக்கத்தாரும் ஒத்துப்போவார்கள் என்று நினைக்கிறேன். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் எனக்குத் தெரிந்து 90 நாள் கியாரண்டி கொடுத்ததில்லை. மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, குணப்படுத்துவேன் என்று மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல். காமாலையும் கல்லீரல் கோளாறுகளும் அதில் இருக்கின்றன.

வயல் கீழாநெல்லியைக் கேட்டிருந்தீர்கள். களைக்கொல்லி அடிக்காத இடத்தில், சாக்கடை ஓரம் இல்லாத இடத்தில் பிடுங்கி, நன்றாகக் கழுவி, எப்போதாவது ஒரு நாள் கொஞ்சம் மோரில் அரைத்துக் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. வைரஸும் போகாது. தம்பிக்கு மனத் திருப்தி என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும், மாதக்கணக்கில் வேண்டாம். பின்னால் டெனோஃபோவிர் ஆரம்பித்தால், கீழாநெல்லி குடிக்கிறேன் என்று அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் பொங்கி எழுந்து கல்லீரல் ஒரேயடியாகப் பழுதான ஆட்கள் உண்டு. கர்ப்பிணிக்குக் கீழாநெல்லி வேண்டவே வேண்டாம்.

குவைத் வேலையைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. 90 நாள் கழித்து அந்த ஆள் ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டக்கூடும். எப்படி என்றால், ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கோடு வருகிறதா என்று பார்க்கும் அட்டைப் பரிசோதனை இருக்கிறதே, ரத்தத்தில் அளவு குறைவாக இருந்தால் அது சில சமயம் பிடிக்காது. ஆய்வகத்தில் செய்யும் எலைசா என்ற பரிசோதனை பிடித்துவிடும். அட்டையை நம்பித் திரும்ப மெடிக்கலுக்குப் போனாலும் அங்கே மாட்டும். அங்கே தப்பினாலும் குவைத்தில் இறங்கியதும் இன்னொரு மெடிக்கல் உண்டு. கடன் வாங்கி விசா எடுத்துப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்படுவதைவிட இங்கேயே தெரிந்தது நல்லது. ஏ.சி. மெக்கானிக்குக்கு நம் ஊர் வெயிலில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. சம்பளம் குவைத் சம்பளம் இல்லைதான், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் இதற்குச் செய்யுங்கள்: வைரஸ் அளவுக்கு டி.என்.ஏ. பரிசோதனை, கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன், ஒரு ஸ்கேன். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவதை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. இன்றைக்கு 28 இருக்கும் எஸ்.ஜி.பி.டி. நாலு வருடம் கழித்து ஏறலாம்; ஏறும்போது பிடித்தால் மாத்திரை இருக்கிறது. குடிப்பழக்கம் இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள். ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷும் அவருக்கென்று தனியாக இருக்கட்டும். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து அவமானப்படுத்த வேண்டாம், அதனால் இது பரவாது.

அப்புறம் இன்னொன்று. தம்பிக்குப் பிறக்கும்போதோ சின்ன வயதிலோ வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன் அல்லவா? பிறக்கும்போதே வந்தது என்றால் உங்கள் அம்மாவுக்கு இருக்கலாம். அதே அம்மா வயிற்றில் பிறந்த உங்களுக்கும் இருக்கலாம். கடிதத்தில் அப்பா, தம்பி, தம்பி மனைவி எல்லோரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அம்மாவும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுத்துப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. தம்பி மனைவியை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது நீங்கள் இரண்டு பேரும் கூடவே கையை நீட்டிவிடுங்கள். இல்லை என்று வந்தால், இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று மூன்று ஊசிகளோடு முடிந்தது. முடிவு வந்ததும் எழுதுங்கள். அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவின் ஒட்டுச்சீட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.